ஊரறிந்த கொலையை எழுதுவது எப்படி? சிசிலித் தீவு சொல்லித்தரும் பாடங்கள்

துப்பறியும் நாவல் எழுத ஆசைப்பட்டு என்னிடம் வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஷெர்லாக் ஹோம்ஸைப் படித்து முடித்துவிட்டீர்களா, நல்லது, அடுத்து சிசிலிக்குப் போங்கள். இத்தாலியின் தென்கோடியில், சுமார் மூன்று கிலோமீட்டர் அகலக் கடல் பிரித்து வைத்திருக்கும் தீவு அது. குற்றத்துக்கும் வழக்குக்கும் அங்கே என்றுமே பஞ்சமிருந்ததில்லை. ஆனாலும் தன் மண்ணில் காலூன்றிய துப்பறியும் நாவலைப் பார்க்க அந்தத் தீவு 1961 வரை காத்திருந்தது. ஏன் அத்தனை தாமதம், வந்தபோது ஏன் அது லண்டன் கதைகளின் சாயலில் இல்லை என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் ஊரை வைத்து நீங்கள் எழுதப்போகும் கதைக்கு வேண்டிய பாடம் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது.

1. நாவலுக்கு முன்னால் வழக்கைப் படியுங்கள்.

1893 பிப்ரவரி 1. பலெர்மோ நோக்கிப் போகும் ரயிலில், தெர்மினி இமெரேசேக்கும் திராபியாவுக்கும் இடையில், முதல் வகுப்புப் பெட்டியில் ஒருவரைக் குத்திக் கொன்று உடலை வெளியே தள்ளிவிட்டார்கள். உடலில் 27 குத்துகள். செத்தவர் சாதாரண ஆள் இல்லை. எமானுவேலே நோதார்பார்தோலோ, பலெர்மோவின் முன்னாள் மேயர், 1876 முதல் 1890 வரை சிசிலி வங்கியின் தலைவர். வங்கிப் பணத்தில் கை வைத்த பெரிய மனிதர்களோடு வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றவர்.

ஏவிவிட்டது யார் என்று பலெர்மோவில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்: ரஃபாயேலே பாலிட்சோலோ, நாடாளுமன்ற உறுப்பினர். ஊர் வாயில் புழங்கிய அந்தப் பெயர் கோர்ட்டில் ஒலிக்க ஏறக்குறைய ஏழு வருஷம் ஆனது. 1899-இல் மிலான் நகரில் விசாரணை நடந்தபோது குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் ரயில்வே ஊழியர்கள் இருவர்தான். செத்தவரின் மகன் லியோபோல்தோ கடற்படை அதிகாரி. அவர் சாட்சி சொல்ல எழுந்து, எல்லார் முன்னிலையிலும் பாலிட்சோலோவின் பெயரைச் சொன்னார். கைது, புது விசாரணை, 1902-இல் பொலோன்யாவில் 30 வருஷச் சிறை. பிறகு நடைமுறைக் குறை ஒன்றைக் காட்டி மேல் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 1904-இல் ஃப்ளோரன்ஸ் கோர்ட் போதிய சாட்சியம் இல்லை என்று விடுதலை செய்தது. ஊர் திரும்பிய பாலிட்சோலோவுக்குப் பலெர்மோவில் வரவேற்பு அமர்க்களப்பட்டது.

கோனன் டாயில் ஹோம்ஸ் கதைகளை எழுதிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் நடந்த வழக்கு இது. அங்கே வாசகர் பக்கம் புரட்டுவது கொலை செய்தவன் யார் என்று தெரிந்துகொள்ள. பலெர்மோவில் அந்தக் கேள்விக்கு விடை முதல் வாரமே தெருவில் கிடைத்துவிட்டது. தெரிந்த உண்மை கோர்ட் வாசல் வரை போவதற்குள் எங்கே, யாரால், எப்படித் தொலைகிறது என்பதுதான் அங்கத்திய மர்மம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் சிசிலிக் கதைகள் எல்லாம் உங்களுக்குத் திறந்துகொள்ளும்.

2. பத்திரிகைத் தொடர்கதையை இளக்காரமாகப் பார்க்காதீர்கள்.

1909 மார்ச் 12 அன்று, பலெர்மோவின் மரீனா சதுக்கத்தில், நியூயார்க் போலீஸ் அதிகாரி ஜோ பெட்ரோசினோவைச் சுட்டுக் கொன்றார்கள். அமெரிக்காவில் தலையெடுத்த இத்தாலியக் கும்பல்களின் பூர்வோத்தரத்தைத் தேடி வந்தவர் அவர். அந்தக் கொலைக்கும் யாரும் தண்டனை பெறவில்லை. அதற்கு இரண்டு மாதத்துக்குள் ‘ஜொர்னாலே தி சிசிலியா’ நாளிதழில் ஒரு தொடர்கதை ஆரம்பித்தது: ‘இ பெயாத்தி பாவோலி’. எழுதியவர் லூயிஜி நாத்தோலி, போட்டுக்கொண்ட பெயர் வில்லியம் கால்ட் என்ற ஆங்கிலப் பெயர். 18-ஆம் நூற்றாண்டுப் பலெர்மோவில் முக்காடு போட்டுக்கொண்டு நிலவறைகளில் கூடி, அரசு தண்டிக்காத பிரபுக்களைத் தாங்களே விசாரித்துத் தண்டிக்கும் ரகசியக் கூட்டத்தின் கதை. ஊரே அதைக் காத்திருந்து படித்தது.

இலக்கியக்காரர்கள் இந்த நாவலைக் கண்டுகொள்வதில்லை. நீங்கள் அவசியம் கண்டுகொள்ள வேண்டும். அரசாங்க நீதிமன்றத்தை நம்பாத மக்கள் தங்களுக்கென்று எந்த மாதிரி நீதிமன்றத்தைக் கற்பனை செய்துகொண்டார்கள் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் புத்தகம் எனக்குத் தெரியவில்லை. அதன் ஆபத்தும் அதிலேயே தெரியும். மாஃபியாக்காரர்கள் தங்களை அந்த முக்காட்டு நீதிமான்களின் வாரிசுகளாகச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். 1980-களில் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய சால்வத்தோரே கொந்தோர்னோவுக்குக் கும்பலில் வழங்கிய பட்டப்பெயர் இந்த நாவலின் பாத்திரம் ஒன்றின் பெயர்தான்.

3. கதை ஏன் வெளியூருக்கு ஓடுகிறது என்று கேளுங்கள்.

சிசிலியின் பெரிய எழுத்தாளர்கள் கொலையை எழுதாமல் இருந்துவிடவில்லை. கத்தானியாவைச் சேர்ந்த ஃபெதெரீகோ தெ ரொபெர்தோ 1897-இல் ‘ஸ்பாசிமோ’ எழுதினார். ஒரு பெண்ணின் சாவு தற்கொலையா கொலையா என்று ஒரு நீதிபதி துருவித் துருவி விசாரிக்கும் நாவல். ஆனால் சம்பவம் நடப்பது சுவிட்சர்லாந்து ஏரிக்கரையில். லூயிஜி கப்புவானா 1901-இல் ‘இல் மார்கேசே தி ரொக்கவெர்தினா’ எழுதினார். அது சிசிலியிலேயே நடக்கிறது. கொன்றவர் பிரபு, சிறையில் கிடப்பவன் ஏழை. அதில் துப்பறிவதற்கு ஆள் இல்லை. கொன்றவரின் மனச்சாட்சி மட்டும்தான் அவரை விரட்டுகிறது. விசாரணை ஒரு புத்தகத்தில், தீவு இன்னொரு புத்தகத்தில் என்று பிரிந்து கிடந்தன.

1929-இல் மிலானின் மொண்டதோரி பதிப்பகம் மஞ்சள் அட்டை போட்ட துப்பறியும் நாவல் வரிசையைத் தொடங்கியது. முதல் புத்தகம் அமெரிக்கர் வான் டைன் எழுதியது. வரிசை பிரமாதமாக விற்றது. முசோலினி ஆட்சிக்கோ தன் நாட்டில் கொலை நடப்பதாக யாரும் எழுதுவது பிடிக்கவில்லை. இத்தாலியில் ஒழுங்கு நிலைத்துவிட்டது என்று மேடைதோறும் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, இத்தாலியக் கொலைகாரன் காகிதத்தில் இருந்தாலும் உறுத்தினான். அக்ரிஜென்தோவில் பிறந்த எத்ஸியோ தெர்ரீகோ 1936 முதல் துப்பறியும் நாவல்கள் எழுதினார். அவருடைய கமிஷனர் ரிஷார் வேலை பார்த்தது பாரிஸில்! மிலானைக் களமாக வைத்துத் துணிந்து எழுதிய அகுஸ்தோ தே ஆஞ்செலிஸ் ஆட்சியின் கண்ணில் விழுந்தார். 1944-இல் பாசிசவாதி ஒருவன் அடித்த அடியால் இறந்துபோனார். மஞ்சள் வரிசையையே 1941-இல் நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே, உங்கள் கதை வெளியூரில் நடக்க வேண்டும் என்று தோன்றும்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஊர் கதைக்குத் தேவையா, இல்லை சொந்த ஊரைச் சொல்லப் பயமா? பயம்தான் என்றால், எதற்குப் பயம் என்பதில்தான் உங்கள் நாவல் இருக்கிறது.

4. ‘இல் ஜோர்னோ தெல்லா சிவெத்தா’வின் முதல் சில பக்கங்களைக் கையால் எழுதிப் பாருங்கள்.

லியோனார்தோ ஷாஷா, 1921-இல் ரகல்முத்தோவில் பிறந்தவர். கந்தகச் சுரங்கங்கள் சூழ்ந்த ஊர். தாத்தா சின்ன வயதிலேயே சுரங்கத்தில் மூட்டை சுமந்தவர், அப்பா சுரங்க அலுவலகத்தில் குமாஸ்தா. ஷாஷா அதே ஊரில் ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்தார். 1961-இல் வந்த இந்த நாவல்தான் சிசிலித் துப்பறியும் கதையின் தொடக்கம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். மற்றவர்கள் வேறு தேதி சொல்லலாம்.

விடிகிற நேரம். சதுக்கத்தில் பலெர்மோ பஸ் புறப்படத் தயார். கருநிற உடை போட்ட ஒருவர் ஓடிவந்து படியில் கால் வைக்கப் போகிறார். இரண்டு வெடிச் சத்தம். ஆள் சரிகிறார். கராபினியேரி போலீசின் தலையைக் கண்டதும் பஸ்ஸில் இருந்த பிரயாணிகள் ஒவ்வொருவராக இறங்கி, எதுவுமே நடக்காதது போல நடந்து, சந்துகளில் மறைந்துவிடுகிறார்கள். மிச்சம் டிரைவரும் கண்டக்டரும். வண்டியில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால், தினம் பார்க்கிற முகங்கள் அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை. அங்கே ஒரு பலகார வியாபாரியும் இருந்தான். கடலை மாவைக் கிண்டி ஆறவைத்து, வில்லை போட்டு எண்ணெயில் பொரிக்கும் ‘பனெல்லே’ விற்பவன். அவனும் நைசாக நழுவிவிட்டான். தேடிப் பிடித்துக் கொண்டுவந்து யார் சுட்டது என்று விசாரிக்கிறார்கள். சுட்டார்கள் என்பதையே இப்போதுதான் கேள்விப்படுகிறவன் போல அவன் முகத்தில் ஆச்சரியம்.

இதில் என்ன இருக்கிறது பாருங்கள். அகதா கிறிஸ்டியின் கதையில் சாட்சிகள் பொய் சொல்வார்கள். ஒரு பொய்யை இன்னொரு பொய்யோடு மோதவிட்டுத் துப்பறிவாளர் உண்மையை எடுப்பார். இங்கே மோதவிடப் பொய்கூட இல்லை. பட்டப்பகல் போல் நடந்ததைக் கண்டும் காணாத ஐம்பது பேர் இருக்கிறார்கள். இவர்கள் யாரும் கெட்டவர்களும் இல்லை. வாய் திறந்தால் யார் காப்பாற்றுவார்கள் என்ற கணக்கை அனுபவத்தால் போட்டு வைத்திருப்பவர்கள். ஷாஷா அவர்களைத் திட்டவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. பலகாரக்காரன் நழுவுவதை மட்டும் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். இந்த அடக்கம் வாய்க்க எழுதுகிறவருக்குப் பல வருஷம் ஆகும். அதனால்தான் கையால் எழுதிப் பார்க்கச் சொன்னேன்.

5. துப்பறிகிறவர் உள்ளூர்க்காரரா, வெளியூர்க்காரரா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

ஷாஷாவின் கேப்டன் பெல்லோடி வடக்கே பார்மா நகரத்துக்காரர். பாசிசத்தை எதிர்த்துக் கெரில்லாப் படையில் சண்டை போட்டவர், சட்டத்தை மனசார நம்புகிறவர். அவருக்கு நிஜ மாதிரி ஒருவர் உண்டு: ரெனாத்தோ காந்திதா, அக்ரிஜென்தோவில் கராபினியேரி அதிகாரியாக இருந்தவர். மாஃபியா என்று ஒன்று இல்லவே இல்லை என்று பெரியவர்கள் சாதித்துக்கொண்டிருந்த 1956-இல், அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார். ஷாஷா அதற்கு மதிப்புரை எழுதினார், இருவரும் நண்பர்களானார்கள். காந்திதாவை வடக்கே தூரின் நகருக்கு மாற்றிவிட்டார்கள்.

வெளியூர்க்காரரால் என்ன லாபம்? ஊருக்குப் பழகிப்போனது அவருக்குப் பழகவில்லை. மரம் கழிக்கும் தொழிலாளி ஒருவர் ஓடுகிற கொலைகாரனைப் பார்த்து அடையாளம் கண்டுவிடுகிறார், பிறகு காணாமல் போகிறார். அவருடைய மனைவியைப் பெல்லோடி விசாரிக்கும் அத்தியாயத்தைப் படியுங்கள். மிரட்டல் கிடையாது. மரியாதையாகப் பேசிப் பேசி, கணவன் அன்று காலை சொன்ன ஒரு பட்டப்பெயரை அவள் நினைவிலிருந்து மெதுவாக வெளியே கொண்டுவருகிறார். உள்ளூர் அதிகாரியாக இருந்தால் அவளை அப்படி உட்காரவைத்துப் பேசத் தோன்றியிருக்காது.

உள்ளூர்க்காரரை வைத்தால் கதை வேறு மாதிரி ஆகிவிடும். 1966-இல் வந்த ஷாஷாவின் ‘ஆ சியஸ்கூனோ இல் சூவோ’வில் துப்பறிகிறவர் லவுரானா, இலக்கியம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், தாயோடு வாழும் கூச்ச சுபாவி. ஊர் மருந்துக்கடைக்காரருக்கு மொட்டைக் கடிதம் வருகிறது. அச்செழுத்துகளை வெட்டி ஒட்டிய மிரட்டல். வேட்டைப் பருவம் தொடங்கும் நாளில் அவரும், கூடப் போன டாக்டர் ரோஷோவும் கொல்லப்படுகிறார்கள். கடிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது பின்பக்கத்திலிருந்து ஒரு லத்தீன் சொல் தெரிந்ததை லவுரானா மட்டும் கவனிக்கிறார். வாட்டிகன் நாளிதழ் தன் முகப்பில் அச்சிடும் வாசகத்தின் ஒரு துண்டு. அந்தச் சின்ன ஊரில் வாட்டிகன் பத்திரிகை யார் வீட்டுக்கு வரும்? இப்படி ஒரே ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு அவர் போகிறார். குறி மருந்துக்கடைக்காரர் இல்லை, டாக்டர்தான் என்று கண்டுபிடிக்கிறார். கடைசியில் அவர் உடல் கைவிட்ட கந்தகச் சுரங்கத்தில் கிடக்கிறது. அவர் உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்ட விஷயம் ஊரில் பெரிய மனிதர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். துப்பறிகிறவரின் கெட்டிக்காரத்தனத்தை இதைவிடக் கடுமையாகச் சோதித்த நாவல் நான் படித்ததில்லை.

6. முடிவைப் பற்றி முன்கூட்டியே வாசகருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பெல்லோடி கட்டிய வழக்கு, அவர் விடுப்பில் பார்மா போயிருக்கும்போது உடைந்துவிடுகிறது. கொலையாளிக்குக் கௌரவமானவர்கள் வந்து பொய்ச் சாட்சி சொல்கிறார்கள். மரம் கழிப்பவரின் சாவு கள்ளக்காதல் சமாசாரம் என்று திருப்பிவிடப்படுகிறது. சிசிலியில் தர்மசங்கடமான கொலைகளை மூடுவதற்குப் பெண் விவகாரம் என்ற மூடி எப்போதும் தயாராக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள்.

ஷாஷா 1989 நவம்பர் 20 அன்று இறந்தார். அதே நாட்களில் வெளிவந்தது அவருடைய கடைசிக் கதை, ‘ஊனா ஸ்தோரியா செம்பிளிசே’. அதில் ஒரு வழிப்போக்கர், வோல்வோ கார்க்காரர், தானாக முன்வந்து போலீசில் சாட்சி சொல்லி, அதனாலேயே சில நாள் சிறையில் கிடந்து வருகிறார். வெளியே வந்து வண்டியை எடுத்தபின், தான் பார்த்த ஒரு முகம் யாருடையது என்று சட்டென்று பிடிபடுகிறது. வழக்கின் மிச்சம் அதில் இருக்கிறது. திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசிக்கிறார். பிறகு பாட்டுப் பாடிக்கொண்டே வண்டியை வீட்டுக்கு விடுகிறார். மௌனம் எப்படி உற்பத்தியாகிறது என்பதை ஷாஷா இருபத்தெட்டு வருஷம் கழித்து, வெளியூர்க்காரர் ஒருவரை வைத்துச் செய்து காட்டிவிட்டார்.

இப்படி முடிப்பதால் வாசகர் ஏமாந்துபோவார் என்று பயப்படாதீர்கள். குற்றவாளி யார் என்பது வாசகருக்குத் தெரிந்திருந்தால் போதும். அவருக்குத் தெரிந்ததைக் கோர்ட் ஏற்காமல் போவது அவரைக் கோபப்படுத்தும். அந்தக் கோபம் உங்களுக்கு வேண்டும். ஆனால் அலட்சியத்தால் முடிச்சை அவிழ்க்காமல் விடுவது வேறு, அது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

7. பணம் எந்த வழியாகப் போகிறது என்று எழுதுங்கள்.

‘இல் ஜோர்னோ தெல்லா சிவெத்தா’வில் செத்தவர் சின்னக் கட்டட கான்ட்ராக்டர், பாதுகாப்புக் கூலி தர மறுத்ததுதான் அவர் செய்த குற்றம். கேப்டன் பெல்லோடி ஒரு கட்டத்தில், சட்டத்தை மீறிய பழைய அடக்குமுறைகளை ஒதுக்கிவிட்டு, இந்த ஆட்களின் வங்கிக் கணக்குகளைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறார். 1961-இல் அது ஒரு நாவல் பாத்திரத்தின் யோசனை. இத்தாலிய நாடாளுமன்றம் மாஃபியா விசாரணைக் குழுவை அமைத்ததே 1962 டிசம்பரில்தான். மாஃபியாக்காரர்களின் சொத்தைப் பறிமுதல் செய்ய வழிவகுத்த சட்டம் 1982 செப்டம்பரில் வந்தது. அதை முன்மொழிந்த பியோ லா தோர்ரேயை அதே வருஷம் ஏப்ரலில் கொன்றிருந்தார்கள். மாஃபியாவை விசாரித்த நீதிபதி ஃபால்கோனே காசோலைகளைத் தொடர்ந்து போய் வழக்குகளைக் கட்டியதும் அந்த வருஷங்களில்தான். கதாசிரியர் இருபது வருஷம் முன்னால் போயிருந்தார் என்றால், கான்ட்ராக்ட் எப்படிக் கிடைக்கிறது, யாருக்கு எவ்வளவு போகிறது என்று தன் ஊரில் உட்கார்ந்து கவனித்திருந்தார் என்று அர்த்தம்.

8. ஆவணக் காப்பகத்தில் தூசி தட்டுங்கள்.

ஷாஷாவுக்கு நாவல் அளவுக்குப் பிடித்த காரியம் பழைய விசாரணைக் கட்டுகளைப் புரட்டுவது. 1657-இல் தன் ஊர்த் துறவி தியேகோ லா மத்தீனா கைவிலங்காலேயே மத விசாரணை அதிகாரியை அடித்துக் கொன்றது, 1862 அக்டோபர் 1 இரவில் பலெர்மோவின் வெவ்வேறு இடங்களில் 13 பேர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கத்தியால் குத்தப்பட்டது, 1938-இல் இயற்பியலாளர் எத்தோரே மயோரானா காணாமல் போனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம். இவற்றில் கற்பனைப் பாத்திரம் கிடையாது. துப்பறிகிறவர் எழுத்தாளர் மட்டும்தான். மயோரானா புத்தகத்தில் அவர் எடுக்கும் முடிவு எனக்கு ஒப்புதல் இல்லை; ஆனால் காகிதத்தைப் பக்கம் பக்கமாகப் படிக்கும் விதம் எனக்கு இன்றும் பாடம். போலீஸ் அறிக்கையில் எந்த வாக்கியம் வேண்டுமென்றே மங்கலாக எழுதப்பட்டிருக்கிறது என்று மோப்பம் பிடிக்கிற மூக்கு அங்கேதான் வளரும்.

9. வெட்டுங்கள்.

‘இல் ஜோர்னோ தெல்லா சிவெத்தா’வைச் சுருக்க ஒரு வருஷம் செலவழித்ததாக ஷாஷாவே பின்குறிப்பில் எழுதியிருக்கிறார். அழகுக்காக மட்டும் இல்லை, வழக்குப் போடக் காத்திருப்பவர்களுக்கு இடம் கொடுக்காமல் இருக்கவும்தான். வெட்டிய பிறகு மிஞ்சியதில் ஒரு சொல்லும் வீண் இல்லை.

10. ஊர்ப் பேச்சை அலங்காரமாக ஒட்டாதீர்கள்.

ஆந்த்ரேயா கமில்லேரி 1925-இல் போர்த்தோ எம்பெதோக்ளே துறைமுகத்தில் பிறந்தவர். ரோமில் நாடக இயக்குநராகவும் தொலைக்காட்சித் தயாரிப்பாளராகவும் உழைத்தவர். 1960-களில் சிமனோன் எழுதிய துப்பறிவாளர் மெக்ரேயின் நாவல்களை இத்தாலியத் தொலைக்காட்சி தொடராக எடுத்தபோது தயாரிப்புப் பொறுப்பு அவரிடம் இருந்தது. திரைக்கதை எழுதிய தியேகோ ஃபப்ரி ஒவ்வொரு நாவலையும் அக்கக்காகப் பிரித்துப்போட்டு மறுபடி பூட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தே துப்பறியும் கதையின் கட்டுமானத்தைக் கற்றதாக அவர் சொல்லியிருக்கிறார். கற்றதைப் பயன்படுத்தியது 1994-இல், ‘லா ஃபோர்மா தெல்லாக்வா’வில். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. கமிஷனர் மொந்தல்பானோ பிறந்தது அந்த நாவலில். ஸ்பானிய எழுத்தாளர் மனுவேல் வாஸ்கெஸ் மொந்தல்பானுக்குச் செலுத்திய மரியாதை அந்தப் பெயர்.

அவருடைய மொழி சிசிலியப் பேச்சும் இத்தாலியனும் பிரிக்க முடியாமல் கலந்தது. வசனத்தில் மட்டுமில்லை, கதை சொல்லும் குரலே அப்படித்தான். சாகும் தறுவாயில் இருந்த அப்பாவிடம் ஒரு கதையை வீட்டுப் பேச்சில் சொல்ல, எனக்குச் சொன்ன மாதிரியே எழுது என்று அவர் கேட்டுக்கொண்டாராம். 1978-இல் வந்த முதல் நாவலுக்குப் பின்னால் இருந்த சம்பவம் இது. வட இத்தாலியருக்கு இது புரியுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். லட்சக்கணக்கில் வாங்கிப் படித்தார்கள். புரியாத சொல்லின் அர்த்தம் நாலு பக்கத்தில் தானாகப் பிடிபடும்படி எழுதியிருந்தார் என்பதுதான் விஷயம். நீங்கள் உரையாடலில் மட்டும் வட்டார வழக்கைத் தூவிவிட்டு, விவரணையைச் செய்தித்தாள் தமிழில் எழுதுகிறீர்களே, அது ஒட்டவே ஒட்டாது. கதை சொல்கிறவர் எந்த ஊர்க்காரர் என்று முடிவு செய்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள்.

கட்டுக்கோப்பிலும் கமில்லேரி கண்டிப்பானவர். மொந்தல்பானோ நாவல் என்றால் 18 அத்தியாயம், அத்தியாயத்துக்குப் பத்துப் பக்கம். பேச்சு வழிந்து ஓடலாம், கரை அசையக் கூடாது.

11. வில்லனை நாயகனாக்கிவிடாதீர்கள்.

இதில் இரண்டு பெரியவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. ஷாஷாவின் மாஃபியாத் தலைவர் தோன் மரியானோ மனிதர்களை ஐந்து தரமாகப் பிரித்துப் பேசும் காட்சி இத்தாலியில் எல்லாரும் அறிந்தது. கம்பீரமாகப் பேசுகிறார், எதிரியான கேப்டனை மனிதன் என்று மதிக்கிறார். படிக்கிறவருக்கு அவரைப் பிடித்துப்போகிறது. கமில்லேரி இதைக் குறையாகவே சொன்னார். மாஃபியாக்காரரை நாவலின் நடுவில் உட்காரவைத்தால் அவருக்கு வேண்டாத கௌரவம் வந்துவிடும் என்பது அவர் எண்ணம். அதனால் மொந்தல்பானோ கதைகளில் மாஃபியா பின்னணியில் இருக்கும், முன்னுக்கு வராது.

நான் கமில்லேரி பக்கம் சாய்கிறேன், ஆனால் முழுக்க இல்லை. தோன் மரியானோ கவர்ச்சியாக இருப்பதால்தான் ஊர் ஏன் அவரிடம் பணிந்தது என்று நமக்குப் புரிகிறது. ஷாஷா அளவுக்குக் கை தேர்ந்தவராக இருந்தால் அந்தக் கத்தியை எடுங்கள். முதல் நாவலில் வேண்டாம்.

12. உங்கள் பக்கத்துப் பதிப்பகத்தைத் தேடிப் பிடியுங்கள், முன்னோடியின் மிச்சத்தையும் பொறுக்குங்கள்.

ஷாஷாவின் முதல் நாவலை வெளியிட்டது வடக்கே தூரினில் இருந்த ஐனவ்தி. ஆனால் இந்த மரபு வேர்விட்டது 1969-இல் எல்விரா செல்லேரியோவும் என்த்ஸோ செல்லேரியோவும் பலெர்மோவில் ஆரம்பித்த பதிப்பகத்தால். 1979-இல் தொடங்கிய ‘லா மெமோரியா’ வரிசை, கையடக்கமான கருநீலப் புத்தகங்கள், ஷாஷாவின் யோசனையில் உருவானது. முதல் புத்தகமும் அவருடையது. கமில்லேரியின் மொந்தல்பானோ அந்த நீல அட்டையில்தான் வந்தது. பலெர்மோவைக் களமாக்கி சாந்தோ பியாத்ஸேசே 1996-இல் எழுதியதும் அங்கேதான். அதன் பிறகு தீவின் கிழக்குக் கரையும் எழுந்துகொண்டது. கண் மருத்துவரான கிறிஸ்தீனா கஸ்ஸார் ஸ்காலியா 2018 முதல் கத்தானியாவில் ஒரு பெண் போலீஸ் அதிகாரியை வைத்து எழுதிவருகிறார். வெளியிடுவது வடக்கத்திப் பதிப்பகம், ஆனால் பேசுவது எட்னா எரிமலையின் கரிய சாம்பல் படிந்த தெருக்களைப் பற்றி.

முன்னோடியின் மிச்சம் என்றேனே, அதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ‘ஆ சியஸ்கூனோ இல் சூவோ’வில் போகிற போக்கில் வரும் ஒரு சின்னக் குறிப்பு: புனித வெள்ளி நாடகத்தில் யூதாஸ் வேஷம் கட்டிய பாத்தோ என்பவர், மேடைப் பொறிக்கதவு வழியாக விழுந்தவர், பிறகு யார் கண்ணிலும் படவில்லை. ஷாஷா அதை விளக்காமல் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். கமில்லேரி அந்தச் சில வரிகளை எடுத்து 2000-இல் ஒரு முழு நாவலாக்கினார், ‘லா ஸ்கொம்பார்சா தி பாத்தோ’. 1890-இல் நடக்கும் கதை. கடிதம், போலீஸ் அறிக்கை, செய்தித்தாள் துணுக்கு, சுவரில் எழுதியது என்று முழுக்க முழுக்கக் காகிதங்களாலேயே நகரும். விசாரிக்கும் இரண்டு அதிகாரிகள் உண்மையைக் கண்டுபிடிக்கிறார்கள். மேலிடத்துக்கு அந்த உண்மை பிடிக்கவில்லை. ஆகவே எல்லாருக்கும் வசதியான வேறொரு அறிக்கையையும் அவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். ஷாஷாவின் இருட்டும் கமில்லேரியின் சிரிப்பும் ஒரே புத்தகத்தில் கிடைக்கும். 

முதலில் ‘ஊனா ஸ்தோரியா செம்பிளிசே’யைப் படியுங்கள், ஒரே அமர்வில் முடிந்துவிடும். அடுத்து ‘இல் ஜோர்னோ தெல்லா சிவெத்தா’, பிறகு பாத்தோ. நாத்தோலியின் தொடர்கதை மிகப் பெரியது. அதை நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் கமில்லேரியின் பேச்சு நடை அதில் பாதிதான் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, கட்டுமானத்தைக் கவனியுங்கள். படித்து முடித்ததும் உங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த, கோர்ட்டில் மட்டும் தெரியாமல் போன வழக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் தீர்ப்பு நகலுக்கு விண்ணப்பம் போடுங்கள்.